சாகாதவர்களுக்கு ஓர் அஞ்சலித் தாள்

கூரை விளிம்புக்குக் கீழே பதினொரு ஓட்டைகள் இருந்தன. முஷ்டி நுழையும் அளவு. கான்கிரீட் பலகைகளை நிறுத்திக் கட்டிய எட்டு மாடிக் கட்டடம் அது. எட்டாவது மாடிக்கும் மொட்டைமாடிக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்துக்குக் காற்று போய்வரத்தான் ஓட்டைகள். கட்டியவர்கள் கம்பிவலை போட மறந்தார்களோ, போட்ட வலையை யாராவது கழற்றிக்கொண்டு போனார்களோ, நாற்பது வருஷமாகத் திறந்தே கிடந்தன.

எங்கள் வேலை அவற்றை அடைப்பது. ஓட்டைக்குள் நுரையைப் பீய்ச்ச வேண்டும். அது உப்பி இறுகுவதற்குள் ஒரு சிகரெட் பிடித்துவிடலாம். பிறகு அதன்மேல் பத்து சென்டிமீட்டர் தெர்மோகோல் பலகை, பலகைமேல் வலை, வலைமேல் பூச்சு. குளிர்காலத்தில் வீட்டுச் சூடு வெளியே போகாமலிருக்க ஊரையே இப்படிப் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். டான்யூப் கரையில் எங்கள் ஊரில் மட்டும் அந்தக் கோடையில் பதினாறு கட்டடங்களுக்குச் சாரம் கட்டியிருந்தது.

போன வருஷம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் நான் ஒன்பது ஓட்டைகளை அடைத்தேன். ஐந்தாவதை அடைத்த மறுநாள், பக்கத்துப் பலகையை ஒட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்குள் சுரண்டுகிற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தேன். எலி என்று நினைத்தேன் என்று எழுதுவது சுலபம். எலி இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. நான் பூச்சை முடித்துவிட்டு இறங்கினேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அதனால் இந்த வருஷம் பதினான்காம் எண் கட்டடத்தில், ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை, எட்டாவது மாடிச் சாரத்தில் ஏறியதும் பூச்சுக் கரணையைக் கையில் எடுக்கவில்லை. குப்புறக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஓட்டைகளைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆனது. எங்கிருந்தோ கறுப்பாக ஒன்று வந்தது, வேகத்தைக் குறைக்காமல் ஏழாவது ஓட்டைக்குள் போய்விட்டது. மோதிக்கொண்டது என்றுதான் முதலில் தோன்றும். உழவாரன் குருவி அப்படித்தான் வீட்டுக்குள் போகும். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூன்றாவதில் ஒன்று, ஆறாவதில் ஒன்று, பத்தாவதில் ஒன்று. கையடக்க விளக்கை அடித்துக் கண்ணாடித் துண்டால் உள்ளே பார்த்தேன். நான்கு ஓட்டைகளிலும் சேர்த்து ஒன்பது குஞ்சுகள். மற்ற ஏழும் காலி.

மதியம் சாப்பிடும்போது மேஸ்திரியிடம் சொன்னேன். ஸ்டாமென் தோஷெவ் என்று பெயர். அறுபதை நெருங்குகிறவர், பெரிய தொந்தி, வெயிலானாலும் குளிரானாலும் தலையில் ஒரு தொப்பி. தக்காளியை நறுக்கி வெள்ளைப் பாலாடைக்கட்டியை அதன்மேல் உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, மேல நாலு ஓட்டையில குஞ்சு இருக்கு."

"இருக்கட்டும்."

"அடைக்கணுமே."

"அடை."

"உசுரோட இருக்கு மேஸ்திரி."

"வெல்கோ, அடுத்த திங்கக்கிழம காலைல இந்தச் சாரத்தக் கழட்டி ஒன்பதாம் நம்பர் கட்டடத்துக்குக் கொண்டு போறாங்க. அதுக்குள்ள அதுங்க பறந்து போச்சுன்னா நானே கைதட்டி வழியனுப்பி வைக்கிறேன். போகலன்னா நான் என்ன பண்ண முடியும்? ஓட்டை இருந்தா சோதனைக்கு வர்றவன் கையெழுத்துப் போட மாட்டான்."

பாருஷ் மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தான். எங்கள் ஜோடியில் இளையவன் அவன், முப்பத்தைந்து வயது, வாய் நிற்காது.

"அண்ணன் தண்ணிப் பீப்பாயில விழுற குளவிக்கே ஏணி போட்டுக் குடுக்கிற ஆளு மேஸ்திரி. குருவிய விட்டுருவாரா? நாளைக்கு உங்க வண்டிச் சக்கரத்துக்கு அடியில எறும்பு இருக்கு, நடந்து வீட்டுக்குப் போங்கம்பாரு."

கலவைத் தண்ணீர் பீப்பாயில் நான் ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பது உண்மை. குளவியோ தேனீயோ விழுந்தால் பிடித்து ஏறி வரட்டும் என்று. அதில் பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. ஒரு குச்சி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டாமெனும் கல்நெஞ்சக்காரர் அல்ல. எங்கள் சாமான் கன்டெய்னருக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. சாசேஜ் தோலை உரித்து தினமும் அதற்குப் போடுவார். கன்டெய்னரை நகர்த்த கிரேன் வந்தபோது, குட்டிகள் கண் திறக்கிறவரை தொடக்கூடாது என்று ஓட்டுநரிடம் கத்தித் திருப்பி அனுப்பினார். பூனை அவர் கண்ணெதிரே இருந்தது. எட்டாவது மாடிச் சுவருக்குள் இருப்பது கீழே உட்கார்ந்து தக்காளி நறுக்குகிறவருக்குத் தெரியாது. முட்டி வலியால் அவர் ஐந்தாவது மாடிக்கு மேல் ஏறுவதையும் நிறுத்தியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் எட்டாவது மாடி ஜன்னல் திறந்தது. யோன்கா என்ற பெண்மணி தலையை நீட்டினார். டிராலிபஸ் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், தனியாக இருந்தார். அதிகாலை வண்டியை எடுத்து இரண்டு மணிக்கு முடித்துவிட்டு வருவார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அண்ணே, இந்த ஓட்டைங்கள அடைக்கப் போறீங்களா?"

"சொல்லியிருக்காங்கம்மா."

"அந்த ஏழாவது என் கட்டிலுக்கு நேர் மேல. பன்னெண்டு வருஷமா கோடையில நான் அலாரம் வெச்சதில்ல. மே மாசத்திலேருந்து அதுங்கதான் எழுப்பும்."

"இனிமே அலாரம் வாங்கணும் போல."

"வாங்குறேன். ரெண்டு வாரம் கழிச்சு வாங்குறேன். மாசக் கடைசியில அதுங்களே போயிரும் அண்ணே. ஒருநாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா ஒன்னும் இருக்காது. அதுவரைக்கும் பொறுக்க மாட்டாங்களா?"

அவர் சும்மா இருந்தவர் இல்லை. ஏதோ ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். எழுதி அனுப்புங்கள், பதினான்கு நாளில் பதில் வரும் என்றார்களாம். குடியிருப்பு நிர்வாகி சென்கோவிடம் போயிருக்கிறார். சென்கோவ் ஒரு கோப்பைத் திறந்து, கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்திட்ட தீர்மானத்தைக் காட்டினாராம்.

"கூட்டம் நடந்தப்ப நான் வண்டியில இருந்தேன். 'உங்க குருவிங்க என் கார் மேல பேண்டது போதும்'னு சொல்றாரு அந்தாளு. பேண்டது புறாவா, குருவியா, அதுகூடத் தெரியல."

"நான் மேஸ்திரிகிட்ட சொல்லிப் பாத்துட்டேம்மா."

"திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். அதே பதில்தான் வந்தது, தக்காளி மட்டும் இல்லை.

புதன்கிழமை காலை கலவை எந்திரம் நின்றுவிட்டது. அதைப் பிரித்துக் கம்பியைச் சுத்தம் செய்ய மேஸ்திரி என்னைக் கீழே நிறுத்திக்கொண்டு பாருஷை மேலே அனுப்பினார். பதினொரு மணிக்கு நான் ஏறியபோது முதல் மூன்று ஓட்டைகளும் அடைபட்டிருந்தன. மூன்றாவதன்மேல் பலகையும் ஏறிவிட்டது. பாருஷ் நான்காவதுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான்.

"மூணாவதுல இருந்துதேடா."

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? இடது பக்கமிருந்து வரிசையா அடைன்னாரு. அடைச்சேன்."

"உள்ள பாத்தியா?"

"பாத்திருந்தா அடைச்சிருப்பேனா? அதான் பாக்கல."

அவன் பொய் சொல்லவில்லை. நானும் போன வருஷம் அதைத்தான் செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாய்ப் பறவையோ தகப்பனோ ஒன்று வந்தது. வழக்கமான வேகத்தில் வந்து, ஓட்டை இருந்த இடத்தில் வெள்ளைப் பலகையில் மோதி, சரிந்து, மறுபடி சுற்றி வந்து மோதியது. பாருஷ் பசைக் கரணையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். ஆறு தடவை மோதியதை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

இறங்கிப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அடைச்சாச்சுல்ல. விடு."

"ஒரு பலகைதான் மேஸ்திரி. கால் மணி நேரத்துல எடுத்துருவேன்."

"இன்னிக்கு ஒரு பலகை எடுப்ப, நாளைக்கு நாலு எடுப்ப. கேட்டுக்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள பதினொன்னும் அடைஞ்சிருக்கணும். உனக்கு மனசு வரலன்னா கீழ நின்னு கலவை கலக்கு, பாருஷ் அடைப்பான். அதுவும் புடிக்கலன்னா வீட்டுக்குப் போ."

எனக்கு ஐம்பத்தேழு வயது. இந்த வயதில் வீட்டுக்குப் போனால் மறுபடி யாரும் என்னைச் சாரத்தில் ஏற்ற மாட்டார்கள். கீழே நின்று கலவை கலக்கினாலும் ஓட்டை அடையத்தான் போகிறது. அடைக்கிற கை மட்டும் மாறும். நான் மேலே ஏறினேன். ஆறாவதுக்கு வராமல் நான்காவதையும் ஐந்தாவதையும் எவ்வளவு மெதுவாக ஒட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஒட்டினேன்.

இரண்டரைக்கு யோன்கா ஜன்னலைத் திறந்தார். மூன்றாவதைப் பார்த்தார். பறவை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை, திட்டவும் இல்லை.

"மொத்தம் எத்தன குஞ்சு அண்ணே?"

"ஒன்பதும்மா. மூணாவதுல ரெண்டு."

"எத்தன நாள் வயசு இருக்கும்?"

"மூணு வாரம் இருக்கும்."

"மேஸ்திரியோட முழுப் பேரு என்ன?"

எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றார். மேலிடத்து அலுவலகம் எதற்காவது புகார் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னேன். என் பெயர், பாருஷ் பெயர் எல்லாவற்றையும் பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் வந்தபோது கட்டடத்தின் வாசல் கதவில் புதிதாக ஒரு அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் தாள் ஒட்டாத வாசலே கிடையாது. யாராவது இறந்தால் அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே துயரப்படுகிறவர்களின் பெயர்கள். ஸ்டாமென் கறுப்புக் கரையைப் பார்த்ததுமே தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு, இறந்தவர்களுக்குச் சொல்கிற சொல்லைச் சொன்னார்.

"கடவுள் மன்னிக்கட்டும். யாருப்பா, நாலாவது மாடிக் கிழவரா?"

பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நான் எழுத்துக் கூட்டிப் பாதி படிப்பதற்குள் பாருஷ் முழுதும் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு உழவாரன். அதன் கீழே இப்படி இருந்தது:

'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை, தாங்கள் பிறந்த சுவருக்குள் உயிரோடு அடைபட்டு, பசியால் மறைய இருக்கிறார்கள் எட்டாவது மாடியின் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஒன்பது பிள்ளைகள். வயது மூன்று வாரம். யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். துயரத்தில்: மேஸ்திரி ஸ்டாமென் தோஷெவ், வெல்கோ, பாருஷ், நிர்வாகி சென்கோவ், பதினான்காம் எண் கட்டடத்து அண்டை வீட்டார்.'

ஸ்டாமென் இரண்டு தடவை படித்தார். காது சிவந்தது. தாளின் மூலையை நோக்கிக் கை போனது. பாதியில் நின்றது. தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

சென்கோவ் குப்பைப் பையோடு இறங்கி வந்தார். அவரும் படித்தார்.

"என்ன அசிங்கம் இது? கிழிச்சுப் போடுங்க மேஸ்திரி."

"நீங்க கிழிங்க சார். உங்க வாசல்."

"உங்க பேருதானே முதல்ல இருக்கு."

"உங்க பேரும்தான் இருக்கு."

"நான் நிர்வாகி. நான் போய் சாவுத் தாளக் கிழிச்சேன்னு நாளைக்கு நாலு பேர் பேசணுமா?"

"அப்ப நான் மட்டும் கிழிக்கணுமா?"

இருவரும் பாருஷைப் பார்த்தார்கள்.

"என்ன எதுக்குப் பாக்குறீங்க? எனக்கு மூணு புள்ளைங்க இருக்கு சாமி. நான் தொட மாட்டேன். மழை வந்தா தானா போயிரும்."

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். ஒரு துண்டு மேகம் இல்லை. அஞ்சலித் தாளை மழையும் வெயிலும்தான் எடுக்கும், மனிதன் எடுப்பதில்லை. தாள் குருவிகளுக்கு என்பதால் அந்த வழக்கம் மாறுமா மாறாதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றில் முதலில் கை வைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

ஏழரையிலிருந்து ஆட்கள் வேலைக்கு இறங்கத் தொடங்கினார்கள். வாசலில் நிற்காமல் போகிறவர் யார்? படித்தார்கள். சிலர் சிரித்தார்கள். மூன்றாவது மாடித் தையல்காரம்மா சிரிக்கவில்லை. நேராக ஸ்டாமெனிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"கடவுள் மன்னிக்கட்டும் மேஸ்திரி. ஒன்பது புள்ளைங்க. எப்படித் தாங்குறீங்களோ."

கேலியா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். தபால்காரி சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டு, "அடக்கம் எத்தன மணிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பாருஷ் கலவைப் பீப்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தான்.

ஒன்பது மணிக்கு ஸ்டாமெனின் கைப்பேசி அடித்தது. அவர் மனைவி. முதல் மாடியில் இருந்த ஒரு பெண் அவர்கள் கிராமத்துக்காரி. கண்ணாடி இல்லாமல் கறுப்புக் கரையையும் தோஷெவ் என்ற பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருக்கிறாள். மனைவியின் குரல் எனக்கே கேட்டது.

"யாருங்க போனது? எங்கிட்ட ஏன் மறைக்கிறீங்க?"

"யாரும் போகல. குருவிடி."

"குருவியா? யாரு வீட்டுக் குருவி?"

அவர் விளக்கினார்.  மனைவியின் குரல் முன்பைவிட உயர்ந்தது.

"சாகறதுக்கு முன்னாடியே ஒட்டிட்டாங்களா? உங்க பேரோடவா? எங்கப்பா ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட படுத்திருக்காரு. இந்த நேரத்துல உங்க பேரு சாவுத் தாள்ல ஏறியிருக்கு, நீங்க கையக் கட்டிட்டு நிக்கிறீங்க!"

"நான் என்னடி பண்றது?"

"எனக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப அந்தத் தாள் இருக்கக்கூடாது."

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார்.

"என் முழுப் பேர அவளுக்குச் சொன்னது யாரு?"

"நான்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் காலணியைப் பார்த்தார், பிறகு சாரத்தை மேலே வரை பார்த்தார். 

"ஒட்டுன தாளக் கிழிக்க முடியாது."

"முடியாது மேஸ்திரி."

"பொய்யாக்கலாம்ல?"

"எப்படி?"

"தாள்ல என்ன போட்டிருக்கு? ஒன்பதும் சாகும்னு போட்டிருக்கு. ஒன்பதும் சாகலன்னா அது வெறும் காகிதம். யாரு வேணாலும் கிழிக்கலாம், எங்க வீட்டுக்காரியே வந்து கிழிக்கலாம். மூணாவதுல இருக்கறது உசுரோட இருக்கா?"

"தெரியாது. நேத்து பதினொரு மணியிலேருந்து தீனி இல்ல."

"ஏறு."

அவரும் ஏறினார். ஐந்தாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார், ஏழாவதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்தார். எட்டாவதில் நான் கத்தியால் பலகையை நான்கு பக்கமும் அறுத்துப் பெயர்த்தேன். கீழே நுரை இறுகியிருந்தது. கொக்கி வளைத்த கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வெளியே இழுத்தேன். உள்ளே தள்ளினால் அவற்றின்மேல் விழும். இருபது நிமிஷம் ஆனது. நுரை ஒரு சாண் ஆழத்தோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு அப்பால் இருட்டு.

"நகரு," என்றார் ஸ்டாமென்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் கறுப்பாக, தட்டையாக ஒன்று இருந்தது. கண் மூடியிருந்தது. சிறகு நீளம், உடம்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை.

"சில்லுன்னு இருக்கு வெல்கோ."

"பட்டினி கிடந்தா அப்படித்தான் ஆகும்னு சொல்வாங்க. உடம்பத் தூங்க வெச்சுக்கும்."

அவர் இன்னொரு கையால் அதை மூடினார். சாரத்தின் நடுவில் அப்படியே நின்றார். தெருவில் ஒரு டிராலிபஸ் போனது. இரண்டு மூன்று நிமிஷம் கழித்து மேல் கையை எடுத்தார். குஞ்சு ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது, மறுபடி மூடியது.

"எடையே இல்லடா இதுக்கு," என்றார்.  அதை உள்ளே வைத்துவிட்டு இரண்டாவதையும் தொட்டுப் பார்த்தார். அதுவும் அசைந்தது.

வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. ஓட்டையைத் திறந்து விட்டால் போதாது. பத்து சென்டிமீட்டர் பலகை வெளியே வரப்போகிறது, சோதனைக்காரர் வருவார், மழைத்தண்ணீர் உள்ளே போகக்கூடாது. பாருஷ்தான் வழி சொன்னான். கன்டெய்னரில் கழிவுநீர்க் குழாய்த் துண்டுகள் கிடந்தன. பலகையில் அதே அளவுக்கு வட்டமாக வெட்டி, குழாயைச் செருகி, வாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, சுற்றிலும் பசை போட்டு அடைத்தால், சுவர் போர்த்தியது மாதிரியும் ஆயிற்று, ஓட்டை இருந்தது மாதிரியும் ஆயிற்று.

"சோதனைக்கு வர்றவன் கேட்டா?" என்றேன்.

"காத்தோட்டக் குழாய்னு சொல்றேன்," என்றார் ஸ்டாமென். "அது காத்தோட்ட ஓட்டைதானே? நான் என்ன பொய்யா சொல்றேன்?"

ஒரு மணிக்குள் மூன்று, ஆறு, ஏழு, பத்து நான்கிலும் குழாய் ஏறிவிட்டது. இரண்டு மணிக்கு மேல் யோன்கா வந்தார். ஜன்னலைத் திறந்தவர் ஸ்டாமெனை அங்கே எதிர்பார்க்கவில்லை.

"என் பேரப் போட்டது நீங்கதானா?"

"நான்தான்."

"என் மாமனார் ஆஸ்பத்திரியில இருக்காரு."

யோன்காவின் முகம் மாறியது. "அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்க பேரப் போட்டிருக்க மாட்டேன். மன்னிச்சிருங்க. ஆனா நான் பொய் எழுதல."

"இப்ப பொய்தான். பாருங்க." குழாய்களைக் காட்டினார். "ஒன்பதும் உசுரோட இருக்கு. போய்க் கிழிச்சுட்டு வாங்க."

"அதுங்க முதல்ல உள்ள போகட்டும்," என்றார் யோன்கா.

அவர் சொன்னது சரிதான். பறவைகள் வந்தன. கட்டடத்தின் நிறம் மாறியிருந்தது, கறுத்த கான்கிரீட்டுக்குப் பதில் வெள்ளைப் பலகை. இருந்தும் இடத்தை மறக்கவில்லை. நேரே குழாய் வாய்க்கு வந்தன. வந்து நகத்தால் பிடித்தன, சறுக்கின, விழுந்தன. பாதி வழியில் சமாளித்துப் பறந்தன. மறுபடி வந்தன, மறுபடி சறுக்கின. நான்கு குழாய்களிலும் இதே கதை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"ஏன் போக மாட்டேங்குது?" என்றார் ஸ்டாமென். கோபம் பறவைமேலா குழாய்மேலா தெரியவில்லை. "வாசல் அங்கதானடா இருக்கு!"

நான் குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. கான்கிரீட் அப்படி இருந்திருக்காது. உழவாரனுக்குக் கால் என்பது சுவரைப் பிடிக்க மட்டும்தான், அது கிளையில்கூட உட்காராது. பிடிக்க ஒன்றும் இல்லாத வாசலில் அது எப்படி நிற்கும்?

"சொரசொரப்பு இல்ல மேஸ்திரி."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"பூசணும்."

கீழே இறங்கிப் பசையில் பெருமணலைக் கலந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்தேன். கரணை உள்ளே நுழையாது. விரலால்தான் பூச வேண்டும். குழாயின் உள்ளே ஒரு விரல் நீளத்துக்கும் வாயைச் சுற்றிலும் முரடாகப் பூசினேன். மட்டம் பார்க்கவில்லை, வழிக்கவும் இல்லை. இருபத்தொன்பது வருஷத்தில் நான் செய்த மிக மோசமான பூச்சு அது. நான்கு குழாய்க்கும் பூசி முடிக்க மூன்றரை ஆகிவிட்டது. காய இரண்டு மணி நேரம் வேண்டும். அதுவரை பறவைகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொரு வாயிலும் ஒரு துணியைத் திணித்தோம். பாருஷ் சாரத்தில் நடந்து நடந்து கையை ஆட்டி அவற்றை விரட்டிக்கொண்டிருந்தான்.

"வீடு கட்டிக் குடுத்துட்டு வராதேன்னு விரட்டுற ஆளுங்க நாமதான்," என்றான்.

ஐந்தரைக்குத் துணிகளை எடுத்தோம். மூன்று பேரும் சாரத்தின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தோம். வழக்கமாக ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

பத்தாவதில் முதலில் போனது. பிடித்தது, நின்றது, உள்ளே நழுவியது. அடுத்து ஏழாவது. ஜன்னலுக்கு உள்ளிருந்து யோன்கா, "ஏழு!" என்று கத்தினார். கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் காதை வைத்திருந்தார் போலிருக்கிறது. ஆறாவது ஆறு மணிக்குப் போனது.

மூன்றாவதில் ஒன்றும் வரவில்லை.

நேற்று முழுக்க மோதிய பறவை. மோதி அடிபட்டிருக்கலாம். இனி இல்லை என்று விட்டுவிட்டும் போயிருக்கலாம். உள்ளே இரண்டும் முப்பது மணி நேரமாகப் பட்டினி. நாங்கள் எதையும் ஊட்ட முடியாது, அதற்கு என்ன கொடுப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஸ்டாமென் சிகரெட்டைப் பற்றவைத்தார், பிறகு புகை அதற்கு ஆகாதோ என்று நினைத்தாரோ என்னவோ, சாரத்துக் குழாயில் தேய்த்து அணைத்தார்.

ஆறே முக்காலுக்கு மேற்கிலிருந்து ஒன்று வந்தது. கட்டடத்தை ஒட்டி ஒரு சுற்று போனது. இரண்டாவது சுற்றில் வேகத்தைக் குறைத்தது. மூன்றாவதில் சுவரில், குழாய்க்கு ஒரு சாண் கீழே, பலகைகளின் இடுக்கில் நகத்தை மாட்டிக்கொண்டு தொங்கியது. நேற்று தான் மோதிய இடம் இது என்று அதற்கு நினைவிருந்ததோ என்னவோ, அப்படியே தொங்கியது.  அது தவழ்ந்து மேலே ஏறியது. என் முரட்டுப் பூச்சில் ஒரு காலை வைத்தது, மறு காலை வைத்தது. உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சுவருக்குள்ளிருந்து மெல்லிசான கீச்சுச் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை, இரண்டு.

"ரெண்டும் கேக்குதா?" என்றார் ஸ்டாமென்.

"கேக்குது."

"போய்க் கிழிச்சுட்டு வர்றேன்," என்று உள்ளிருந்து யோன்கா குரல் கொடுத்தார். ஸ்டாமென் எழுந்து முட்டியை நீவிக்கொண்டார். கீழே பார்க்காமல் ஏணியைப் பிடித்தார்.

"மிச்சம் ஏழுல எத்தன அடைச்சிருக்கு?"

"நாலு."

"நாளைக்குக் காலைல மூணையும் முடிச்சுரு. அடைக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை விளக்கப் போட்டுப் பாத்துக்கோ." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "அப்புறம் வெல்கோ, என் பேர இனிமே யாருக்கும் குடுக்காத."